கற்பகம், மயிலாப்பூர்

போன வாரம் கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அக்காவின் பேத்தி என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "அசையாம இருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டுப் பதியப் போனாள். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தது. அரைமணி கழித்து வெள்ளை உடுப்புப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, "கற்பகம்! கற்பகம் யாரும்மா?" என்று குரல் கொடுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். வேறு யாராவது எழுகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு, சலித்துப்போய் அடுத்த பெயருக்குத் தாண்டிவிட்டாள். சீட்டோடு திரும்பி வந்த பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணோட காதும் போயிடுச்சா உங்களுக்கு?"

காது நன்றாகத்தான் கேட்கிறது. இது ஐம்பது வருஷப் பழக்கம். யாராவது என் பெயரை உரக்கக் கூப்பிட்டால் முதலில் வேறு யாராவது எழுகிறார்களா என்று பார்ப்பேன். அப்புறம், அது நானாக இருக்க வேண்டாம் என்று மனசு வேண்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கால் எழும். எழுபதைத் தாண்டியவளுக்கு இன்னும் என்ன பயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். என்னிடம் பொழுது நிறைய இருக்கிறது.

மயிலாப்பூரில் அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஆணானால் கபாலி, பெண்ணானால் கற்பகம். கோயிலுக்குள் இருப்பவர்களின் பெயரே வீட்டுக்குள்ளும் இருந்துவிட்டால் தனியாகக் காவல் வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ. மாட வீதியில் நின்றுகொண்டு "ஏ கற்பகம்" என்று ஒரு குரல் விட்டால் ஏழு வாசலிலிருந்து "என்ன?" என்று பதில் வரும். அதனால் ஊர் தானாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. அவரவர் செய்யும் தொழிலைப் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டது. தொழில் இல்லாத கற்பகங்களுக்குப் புருஷன்மாரின் தொழில். குமாஸ்தா கற்பகம் என்று ஒரு அம்மாள் இருந்தார்கள். பேனாவைத் தொட்டதே கிடையாது. உறைமேல் 'கற்பகம், மயிலாப்பூர்' என்று மட்டும் எழுதியிருந்தாலும் எங்கள் தபால்காரர் கையெழுத்தைப் பார்த்தே இது எந்தக் கற்பகத்துக்கு என்று கண்டுபிடித்துச் சரியான வாசலில் கொடுத்துவிடுவார். அந்தச் சாமர்த்தியம் போலீசுக்கு இல்லை என்பதுதான் என் கதை.

எங்கள் வீடு மந்தைவெளிக்குப் போகும் வழியில் ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்துக்குப் பழக்கமான கற்பகங்கள் மூன்று பேர். நான் டீச்சர் கற்பகம். அப்பா போனபின், பயிற்சி முடித்து, பக்கத்தில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சர்க்கார் மானியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடம். வயது இருபத்தொன்று. என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு, கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். மற்றபடி நான் பிறவிக் கோழை. பல்லி, இடி, சொறிநாய், இன்ஸ்பெக்டர் வருகை, எல்லாவற்றுக்கும் பயம். எனக்கு வரன் தேடி அலுத்த அம்மா, "இவ மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அலறுவா" என்பாள்.

இரண்டாவது, நர்ஸ் கற்பகம். நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கார் சம்பளத்தில் ஒரு பிரசவ நிலையத்தில் மருத்துவச்சி. மந்தைவெளியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணமாகி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது, கேட்கத் தைரியமும் கிடையாது. கறுப்புத் தோல் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வேகவேகமாக நடப்பார். எங்கள் சந்தில் அந்த நாலைந்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளெல்லாம் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான்.

என் அக்காவுக்கும் அவர்தான் பிரசவம் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. காலையிலிருந்து மாலைவரை அக்கா கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. நான் கொல்லைப்புறத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நர்ஸம்மா வெளியே வந்து, "டீச்சர், அழுதது போதும். பையிலேர்ந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து வெந்நீர்ல போடுங்க" என்றார். பையைத் திறந்தேன். பினாயிலும் பஞ்சும் கலந்த வாசனை. கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், சுத்தமான துணியில் சுற்றி, ஒரு தக்ளி இருந்தது. கையால் நூல் நூற்கிற சின்னக் கதிர். பாதி நூற்ற நூலும் அதில் சுற்றியிருந்தது. அப்போதெல்லாம் தக்ளி என்றாலே காங்கிரஸ். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் பையில் அது இருக்கலாமா? எனக்கு அந்த அவசரத்திலும் பயமாக இருந்தது. நர்ஸம்மா நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வலி வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும் இல்லையா, அதுக்குத்தான்" என்றார். அக்கா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. என்னைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவள் அந்தக் குழந்தையின் மகள்தான்.

மூன்றாவது, பூக்காரக் கற்பகம். குளத்துக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். கறுத்து, திடமாக, பெரிய குரலோடு இருப்பாள். கதம்பம் கட்டும்போது விரல்கள் தனியாக வேலை செய்யும், வாய் தனியாக வேலை செய்யும். நான் பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் ஒரு முழம் மல்லிகை கொடுப்பாள். "இன்னா டீச்சரம்மா, உன் பேரும் என் பேரும் ஒண்ணு. நீ புஸ்தகத்தைத் தூக்கிக்கினு போற, நான் கூடையைத் தூக்கிக்கினு வரேன். அம்பாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள். நான் சிரித்துவிட்டுப் போவேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவளுக்கும் ஒரே பெயர் என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குறைச்சலாக இருக்கும்.

உப்புக் காய்ச்சிய பரபரப்பு அடங்கி, சீமைத் துணிக்கடை மறியல் சூடு பிடித்திருந்த காலம் அது. கதர் கட்டிய பெண்கள் கடை வாசலில் வரிசையாக நின்று, உள்ளே போகிறவர்களைக் கும்பிட்டு, "வாங்காதீங்க" என்பார்கள். எல்லோரையும் சிறையில் போட இடமில்லை என்று போலீசார் ஒரு வழி வைத்திருந்தார்கள். பேரை எழுதிக்கொண்டு, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். நடந்தே திரும்ப வேண்டும். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியல் நடக்காது, பறக்கும். ஒவ்வொரு சர்க்கார் அலுவலகத்துக்கும் போகும். அந்த அலுவலகத்து ஆள் எவராவது அதில் இருந்தால் வேலை போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லஸ் பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் அப்படி மறியல் நடந்தது. பதினைந்து பெண்களைப் பிடித்து ஏற்றிப் போனார்கள். அன்றைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, மத்தியானத்துக்கு மேல் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மாவைத் தவிர என்னை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலப் பத்திரிகையில் அந்தப் பதினைந்து பெயரும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கெல்லாம் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று போட்டிருந்தது. கடைசியில் ஒன்று மட்டும் மொட்டையாக இருந்தது. 'கற்பகம், மயிலாப்பூர்.'

அதைப் படித்ததும் பல்வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது தெருவில் சைக்கிளில் வந்தவன் எல்லாம் சி.ஐ.டி.யாகத் தெரிந்தான். குளத்துக்கு எதிரே பூக்காரக் கற்பகம் இரண்டு காலிலும் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "முள்ளு டீச்சரம்மா" என்றாள். நான் பூவை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் யாருக்காவது முள் குத்துமா?

பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி. பிள்ளைகளை அடித்தால் அவரே அழுதுவிடுவார். மேஜைமேல் சர்க்கார் முத்திரை போட்ட பழுப்பு உறை ஒன்று பிரித்துக் கிடந்தது.

"உக்காரும்மா கற்பகம்."

அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ இங்க இல்ல."

"பல்வலி டீச்சர். உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொன்னே. நான் நம்பறேன். மேல இருக்கறவங்க நம்பணுமே." உறையை விரலால் தள்ளினார். "மானியம் நின்னா பள்ளிக்கூடத்தையே மூடணும். உன்னோட சேத்து நாங்க எல்லாரும் தெருவுல நிப்போம். நாளைக்குள்ள உன் கைப்பட எழுதிக் குடு. நான் இல்லேன்னு மட்டும் எழுதாதே. நீ இல்லேன்னா யாருன்னு கேப்பாங்க."

"எனக்கெப்படித் தெரியும்?"

"யோசிச்சுப் பாரும்மா," என்றார் பெரிய டீச்சர். அவருக்கும் மூன்று பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை. "அப்பா போனப்புறம் இந்த வீட்ல அடுப்பு எரியறது உன்னாலதான். ஊர் வம்பு நமக்கெதுக்குடி? யாரோ ஒருத்தி போனா. அவ பேரைச் சொல்லிட்டு உன் வேலையைப் பாரு." அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

யோசித்துப் பார்த்தேன். குமாஸ்தா கற்பகத்துக்கு எழுபது வயது. என் வகுப்புக் கற்பகங்களுக்கு ஏழு வயது. மறியலுக்குப் போக வேண்டுமானால் படித்திருக்க வேண்டும், நாட்டு நடப்புத் தெரிந்திருக்க வேண்டும், தன் காலில் நிற்கிற துணிச்சல் வேண்டும். அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். என் கணக்கில் பூக்காரி வரவே இல்லை. அவளைக் கழித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைத்தால்தானே கழிப்பதற்கு. மிச்சமிருந்தது ஒரே ஒரு கற்பகம். அவர் பையில் தக்ளி இருந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரத்தில், வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினேன். வேர்வை காகிதத்தில் படாமலிருக்க முழங்கைக்குக் கீழே மையொற்றும் தாளை வைத்துக்கொண்டேன். மூன்றே வரி. அந்தக் கற்பகம் நான் இல்லை. மந்தைவெளியில் மருத்துவச்சியாக இருக்கும் கற்பகமாக இருக்கலாம். அவர் தம் பையில் தக்ளி வைத்திருப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். கீழே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டேன். பெரிய டீச்சர் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே மடித்து உறையில் போட்டார். எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

பத்து நாளில் சந்து முழுக்கச் செய்தி பரவியது. நர்ஸம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். யாரோ எழுதிப்போட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்த 'யாரோ'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சுட்டது. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எந்தப் பாவி அப்படிச் செஞ்சானோ, அவன் கை விளங்குமா?" என்றாள். நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் ஒளித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் கறுப்புப் பையைப் பார்த்ததும், எழுதியது நான்தான் என்று தெரிந்து கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதணும். நான் மறியலுக்குப் போகவேயில்லை. உங்களை மாதிரி அழகா எழுத இந்தப் பக்கத்துல யாரு இருக்கா?"

முதலில் பல்வலி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். பல்வலிக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம்? எழுந்து போய்க் காகிதமும் மைக்கூடும் கொண்டுவந்தேன். 'மகா கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பிக்கும்போதுதான் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் காகிதமும் அந்தக் காகிதமும் ஒரே மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால்? ஒரே கையெழுத்து என்று எவனாவது கண்டுகொண்டால்? எழுத்தை இடப்பக்கமாகச் சாய்த்து, கோணல்மாணலாக எழுதினேன்.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். "உங்க எழுத்து முத்து மாதிரி இருக்கும்னு சொன்னாங்களே?"

"கை சுளுக்கிக்கிச்சு."

உடனே என் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். நரம்பை நீவிவிட்டார். எனக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன். "அன்னிக்கு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்கன்னு எழுதினா போதுமே நர்ஸம்மா. சாட்சி இருந்தா விட்டுடுவாங்க."

அவர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாம்பலத்துல, புதுசா வீடு கட்டிக்கிட்டுப் போறாங்களே, அந்தப் பக்கம் ஒரு வீட்ல இருந்தேன். ஒரு சின்னப் பொண்ணு. கல்யாணம் ஆகல. குழந்தை பொறந்தது. அதுக்கு மேல கேக்காதீங்க."

"அவங்க வந்து சொல்ல மாட்டாங்களா?"

"எப்படிச் சொல்வாங்க? நான் சொன்னாலும் அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்துடும். வேலை போனாப் போகட்டும் டீச்சர். வேற எங்கயாவது பிள்ளை பொறக்காமலா இருக்கும்?"

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவரிடம் சொல்லிவிடலாம், இந்த நிமிஷம் காலில் விழுந்து சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். என் அம்மா மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார். அவர் போனபின் அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

இதற்கு மேல் நடந்ததுதான் இன்னும் மோசம். நாலு நாள் கழித்து, பூ வாங்க நின்றபோது பூக்காரக் கற்பகம் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது அநியாயம்? நர்ஸம்மா மறியலுக்குப் போச்சுன்னு வேலையை வுட்டுத் தூக்கிட்டாங்களாமே? அது நான் தான்!"

"நீயா?"

"நான் தான். எங்கிட்ட தெனம் பூ வாங்குற அம்மாங்க எல்லாம் கெளம்பிச்சுங்க, நானும் கூடப் போய் நின்னேன். வெயில்ல நிக்கிறதுக்கு எனக்கு யாரு கத்துக் குடுக்கணும்? லாரியில ஏத்திக்கினு போயி பல்லாவரம் தாண்டி எறக்கி வுட்டுட்டான். நடந்து வந்ததுல காலு ரெண்டும் கொப்புளம்."

"முள்ளுன்னு சொன்னியே!"

"நீ சர்க்கார் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. உங்கிட்ட சொன்னா பயப்படுவியேன்னுதான்."

"பேப்பர்ல அப்பா பேரே போடலையே?"

"பேரு இன்னான்னான், கற்பகம்னேன். ஊரு மைலாப்பூர்னேன். அப்பன் பேரு கேட்டான், கபாலின்னேன். சாமி பேரச் சொல்லிக் கேலியா பண்றன்னு மொறைச்சிக்கினு எழுதாமலே போயிட்டான்." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ ஒரு கடுதாசி எழுது டீச்சரம்மா. போனது பூக்காரக் கற்பகம்னு எழுது. நான் கைநாட்டு வெக்கிறேன். என்னை இன்னா பண்ணுவான், என் வேலையைப் புடுங்கிடுவானா?"

மனு இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது. முடிவு வரவில்லை. அந்த ஒரு கடுதாசி போயிருந்தால் நர்ஸம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் மூளைக்கு அந்த நேரத்தில் ஒன்றுதான் தோன்றியது. போனது பூக்காரி என்று தெரிந்தால், நர்ஸ் என்று எழுதிக் கொடுத்தது யார், ஏன் என்று கேள்வி வரும். என் மூன்று வரி வெளியே வரும். வேலையும் போகும், சந்து முழுக்க என் முகத்தில் துப்பும்.

அவள் சொன்னபடியே எழுதினேன். கட்டைவிரலில் மையைத் தடவிக் கைநாட்டும் வாங்கினேன். "யார்கிட்டயும் சொல்லாதே கற்பகம், நானே அனுப்பிடறேன்" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கரண்டியால் துழாவினாள்.

இரண்டு வாரத்தில் மனு தள்ளுபடியாகி வந்தது. பூக்காரக் கற்பகம், "நான் கைநாட்டு வெச்ச கடுதாசி இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். "அனுப்பினேன். அவங்க ஏத்துக்கலை" என்றேன். அவள் அப்படியே நம்பினாள். போலீசாரையும் அதிகாரிகளையும் நல்ல மெட்ராஸ் பாஷையில் வைதாள். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நர்ஸம்மா ஒரு நாள் காலையில் ஜட்கா குதிரைவண்டியில் பெட்டியை ஏற்றினார். எங்கே போகிறார் என்று கேட்டதற்குத் தெற்கே ஏதோ ஊர் பெயர் சொன்னார். பிற்பாடு கொழும்புக்குப் போனதாக ஒருவரும், ரங்கூனுக்குப் போனதாக ஒருவரும் சொன்னார்கள். சந்துப் பெண்களெல்லாம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார்கள். நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எல்லாரும் பயந்துகிட்டு ஒதுங்கிப் போனீங்க. தப்பில்லை, காலம் அப்படி. டீச்சர் மட்டும்தான் சர்க்கார் சம்பளத்துல இருந்துகிட்டு எனக்காக எழுதிக் குடுத்தாங்க. நான் உசிரோட இருக்கிறவரைக்கும் இவங்களுக்காக வேண்டிக்குவேன்." மணிக்கட்டைத் தடவிவிட்டு, "சுளுக்கு விட்டுதா?" என்று கேட்டார். ஜட்கா மந்தைவெளி முனை திரும்புகிறவரை நின்றோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுப் பெயர் வந்தது. ஆரம்பித்துவைத்தவள் பூக்காரக் கற்பகம். பூ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "அந்த டீச்சரம்மா போலீசுக்கே பயப்படாம எழுதிப்போட்டாங்க" என்று முழக்கினாள். சந்து அதைப் பிடித்துக்கொண்டது. மற்ற கற்பகங்களுக்கெல்லாம் தொழில்தான் முன்னால் வரும். எனக்கு மட்டும் 'பயப்படாத டீச்சர்' என்று வந்தது. சுதந்திரம் வந்த வருஷம் பள்ளியில் கொடியேற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று ஒருவர் மேடையேறி அந்தப் பழைய கதையைச் சொல்லிக் கண் கலங்கினார். நான் மாலையோடு நின்று கைகூப்பினேன். மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய தைரியம் அந்தப் பெயரில்தான் இருந்தது, என்னிடம் இல்லை.

இப்போது அந்தச் சந்தே இல்லை. நாலு வீட்டை இடித்து மாடிமாடியாகக் கட்டிவிட்டார்கள். டிராம் போயிற்று, ஜட்கா போயிற்று, லஸ் பக்கத்தில் அந்தத் துணிக்கடை இருந்த இடத்தில் வேறு என்னவோ இருக்கிறது. பெண் குழந்தைக்குக் கற்பகம் என்று யாரும் பெயர் வைப்பதும் இல்லை. பெரிய டீச்சர் நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே கண்ணை மூடினார். அந்த மூன்று வரியைப் பற்றிக் கடைசிவரை அவரும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. அம்மாவும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள். பூக்காரக் கற்பகம் பஞ்ச காலத்தில் செத்துப்போனாள். தியாகி என்று அவளுக்கு ஒரு காகிதம்கூட யாரும் கொடுக்கவில்லை. அவள் தானாக வைத்த ஒரே சாட்சிக் கைநாட்டை நான்தான் எரித்தேனே.

நடந்ததைத் தெரிந்தவர்கள் இனி யாரும் இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு என்பதை வெட்கத்தோடுதான் உங்களிடம் சொல்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. நர்ஸம்மா இருந்தால் எண்பத்தைந்து வயது ஆகியிருக்கும். சொன்ன சொல் தவறாத மனுஷி அவர். ஏதோ ஓர் ஊரில் விளக்கேற்றிவிட்டு, இன்றைக்கும் எனக்காக வேண்டிக்கொண்டிருப்பார்.